பியர் ரின் வளையமும் பெரியம்மாவின் தாலிக்கொடியும்

போன மாதம் ஒரு சாமத்தியவீட்டில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அண்ணை என் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். அண்ணை என்றால் பெரியம்மாவின் மூத்த மகன். ஏதோ சீட்டுக்காசு விஷயம், அல்லது யாருக்கோ பிணை நிற்கக் கேட்கப்போகிறார் என்று எனக்கு வயிறு கலங்கியது. அவர் கேட்டது வேறு.

"தம்பி, நிலத்துக்குக் கீழை கிடக்கிற தங்கத்தைக் காட்டுற மெசின் உன்னட்டை இருக்காம், மெய்யே?"

இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் பழசாக வாங்கிய ஒரு மெற்றல் டிடெக்ரர். ஞாயிறு காலைகளில் தேம்ஸ் ஆறு கடலில் விழும் பக்கத்துக் கடற்கரைகளில், அனுமதி உள்ள இடமாகப் பார்த்து, அதை ஆட்டிக்கொண்டு நடப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மனைவி "இவர் குப்பை பொறுக்கப் போட்டார்" என்று சொல்லுவா. பொய்யும் இல்லை. இந்த ஏழு வருடத்தில் தங்கம் என்று கிடைத்தது மூன்று மோதிரமும் ஒரு அறுந்த சங்கிலித் துண்டும். சொக்கிளேற் சுற்றிய ஈயத்தாள், நசுங்கிய பியர் ரின், அந்த ரின்னைத் திறக்க இழுக்கிற அலுமினிய வளையம் எல்லாம் வாளிக்கணக்கு.

"தங்கமெண்டால் ஒரு சத்தம், அலுமினியமெண்டால் வேறை சத்தம் போடுமாமே?"

"போடாது அண்ணை" என்றேன். அவர் நம்பவில்லை. யூரியூப்பில் பார்த்தாராம். அதற்குள் ஸ்பீக்கரில் பாட்டைக் கூட்டிவிட்டார்கள், பிறகு ஒரு கதையும் கதைக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணையைப்போல இன்னும் கனபேர் இதையே யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் சனம் மண்ணுக்குள் விட்டுவந்த தங்கம் கொஞ்சமா? கதை கொஞ்சம் நீளும். தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அண்ணையின் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். 1990 ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் வெளிக்கிட்டபோது பெரியம்மா வீட்டுக் கோடிக்குள் ஒரு பால்மா ரின்னைத் தாட்டுவிட்டு வந்தா. உள்ளே தாலிக்கொடி, இரண்டு சோடி காப்பு, ஒரு சோடித் தோடு. தாலியை மட்டும் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டா. வழியில் பறிகொடுப்பதைவிட மண்ணுக்குள் கிடப்பது நல்லது, நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. அந்தக் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், திரும்பக் கையில் கிடைக்க இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீடு இல்லை, மதில் இல்லை, மரங்கள் இல்லை. அண்ணை இப்போது மெசினோடு போகப் பார்க்கிறார்.

இனி மெசினின் கதை.

1879இல் லண்டனில் டேவிட் ஹியூஸ் என்பவர் ஒரு தராசு செய்தார். எடை பார்க்கிற தராசு அல்ல. கம்பிச் சுருள்கள் இரண்டு பக்கமும், காதில் வைத்துக் கேட்க ஒரு தொலைபேசிக் குழலும். இரு பக்கமும் ஒரே மாதிரி நாணயத்தை வைத்தால் சத்தம் வராது. ஒன்று கள்ள நாணயம் என்றால் இரையும். எங்கள் ஊர்ப் பத்தர் உரைகல்லில் உரைத்துப் பார்த்துச் சொல்வதை இந்த மனிதர் தொடாமலே காதால் கேட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு நாணயமும் ஒரே பருமன், ஒரே தடிப்பு. அதனால்தான் சத்தத்தில் வந்த வித்தியாசம் உலோகத்தின் வித்தியாசம் என்று அவரால் சொல்ல முடிந்தது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

இரண்டு வருடம் கழித்து, 1881 யூலை 2ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை வாஷிங்டன் புகையிரத நிலையத்தில் ஒருவன் சுட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே நிற்கிறது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. கழுவாத விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி செய்த கிரகாம் பெல் ஹியூசின் தராசைத் திருத்தி ஒரு கருவி செய்துகொண்டு போனார். உள்நாட்டு யுத்தத்தில் குண்டு வாங்கி அதை உடம்போடு சுமந்து திரிந்த பழைய படைவீரர்களில் பரீட்சித்தபோது கருவி சரியாகவே காட்டியது. ஜனாதிபதியின் கட்டிலடியில் மட்டும் எங்கே பிடித்தாலும் இரைச்சல். மெத்தைக்குள் இரும்புச் சுருள் இருந்ததைப் பிறகுதான் அறிந்தார்கள். அதோடு, தலைமை வைத்தியர் வலது பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டோ இடது பக்கம் இருந்தது. செப்ரெம்பர் 19ஆம் திகதி கார்ஃபீல்ட் இறந்துபோனார். கருவி பொய் சொல்லவில்லை. உலோகம் இருக்கிறது என்றது, இருந்தது. என்ன உலோகம், யாருடைய உலோகம் என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

அடுத்த ஆள் கெர்ஹார்ட் ஃபிஷர். ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். விமானங்களுக்குத் திசை காட்டும் வானொலிக் கருவியில் வேலை செய்தபோது, உலோகம் உள்ள இடங்களில் அது பிழைவிடுவதைக் கண்டார். எல்லோரும் பிழை என்று திட்டியதை அவர் தொழிலாக்கிவிட்டார். 1931இல் கலிபோர்னியாவில் ஒரு கார்க் கொட்டிலில் ஆரம்பித்து, 1937இல் காப்புரிமையும் எடுத்தார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர் அவரல்ல, யோசெப் கொசாக்கி. போலந்துப் படை அதிகாரி. 1939இல் நாடு விழுந்தபின் பிரித்தானியா வந்து சேர்ந்தவர், எங்களைப்போல. ஸ்கொட்லாந்தில் இருந்துகொண்டு ஒருவர் தூக்கி நடக்கக்கூடிய கண்ணிவெடி காட்டும் கருவியைச் செய்தார். பதினான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 1942 ஒக்ரோபரில் எல் அலமெயின் சண்டையில் சுமார் 500 கருவிகள் பாலைவன மணலில் இறங்கின. கொசாக்கி காப்புரிமை எடுக்கவில்லை, சும்மா கொடுத்தார். அரசர் ஆறாம் ஜோர்ஜிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. அவ்வளவுதான். அகதி கொடுத்ததற்கு அகதிக்குக் கிடைத்தது ஒரு கடிதம் என்று நான் ஒருமுறை சொல்லப்போய், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யுத்தம் முடிய மிஞ்சிய கருவிகளை மலிவாக விற்றார்கள். வாங்கிய சனம் கடற்கரைக்கும் வயலுக்கும் இறங்கியது. 1960களில் ட்ரான்சிஸ்ரர் வந்து பாரமும் விலையும் குறைய, பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது பியர் ரின் வளையம்!

1959இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் எர்மல் ஃப்ரேஸ் என்ற பொறியியலாளர் உல்லாசப் பயணம் போனார். ரின் திறக்கும் கருவியை மறந்துவிட்டார். காரின் முன் தடுப்பில் மோதித் திறந்தாராம். அந்தக் கடுப்பில் யோசித்து, இழுத்தால் கழன்று கையோடு வரும் வளையத்தைச் செய்தார். 1962இல் பிற்ஸ்பேர்க் பியர் ரின்களில் அது வந்தது, கொஞ்ச வருடத்தில் எங்கும் அதுதான். குடிப்பவர் வளையத்தை இழுப்பார், மணலில் எறிவார். கால் வெட்டுகிறது என்று சனம் கத்தியபின் 1975இல் ரின்னோடு ஒட்டியே நிற்கும் திறப்பு வந்தது. இப்போது நாங்கள் எல்லோரும் திறப்பது அந்த வகை. ஆனால் முதல் வகை எறிந்த இடத்திலேயே கிடக்கிறது. அலுமினியம் இரும்பைப்போலக் கரைந்துபோகாது. இங்கிலாந்தில் நான் கிண்டும் வளையங்களில் பல என் பிள்ளைகளைவிட வயது கூடியவை.

இந்த வளையத்துக்கும் கல்யாண மோதிரத்துக்கும் என்ன சம்பந்தம்? கோயில் மணியை நினையுங்கள். அடித்துவிட்டுக் கையை எடுத்தாலும் ரீங்காரம் கொஞ்ச நேரம் நிற்கும். பெரிய தடித்த மணியில் கனநேரம், சின்ன மணியில் உடனே அடங்கும். கருவி செய்வதும் அதுதான். அதன் வட்டச் சுருள் செக்கனுக்குச் சில ஆயிரம் தடவை காந்தப் புலத்தை மாற்றி மாற்றி மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் மின்சாரம் சுழல்கிறது. அந்தச் சுழற்சி எவ்வளவு பிந்தி அடங்குகிறது என்பதைத்தான் கருவி கேட்கிறது. வேறொன்றையும் கேட்பதில்லை. நிறம் தெரியாது, விலை தெரியாது. அடங்கும் நேரத்தைத் தீர்மானிப்பது உலோகம் மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்பது மட்டுமல்ல, பொருளின் பருமனும் தடிப்பும் வடிவமும் சேர்ந்துதான். ஹியூசுக்கு நாணயத்தின் அளவு தெரியும், ஆகவே உலோகத்தைச் சொன்னார். எங்களுக்கு மண்ணுக்குள் இரண்டுமே தெரியாது. ஒரு விடை, இரண்டு கேள்வி.

கணக்கைப் பாருங்கள். சுத்தத் தங்கம் செம்பைப்போலச் சுமார் 70 வீதம் மின் கடத்தும், அலுமினியம் சுமார் 60 வீதம். பக்கத்துப் பக்கத்து வீடு! வெள்ளி செம்பையும் தாண்டியது, அதனால் தடித்த வெள்ளி நாணயம் உயர்ந்த நல்ல சத்தம் போடும். இரும்பு காந்தத்தில் ஒட்டுகிற சாதி, அதைக் கருவி பெரும்பாலும் பிடித்துவிடும் (துருப்பிடித்த தட்டைத் தகரம் சிலவேளை ஏமாற்றும்). இரண்டுக்கும் நடுவில் உள்ள பெரிய வெளியில்தான் ஈயத்தாளும், வளையமும், நசுங்கிய ரின்னும், உலகத்துத் தங்க மோதிரங்களில் பெரும்பங்கும் கலந்து படுத்திருக்கின்றன.

1970களில் வேண்டாததை ஒதுக்கும் வசதியுள்ள கருவிகள் வந்தபோது ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். ஒரு திருகியைத் திருப்பி வளையத்தின் சத்தத்தை அடைத்துவிட்டு, நாணயத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். வளையத்தோடு சேர்த்துத் தங்கத்தையும் அடைத்துவிட்டோம் என்பது பிறகுதான் பலருக்கு உறைத்தது. பழைய ஆட்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள், மோதிரம் வேண்டுமென்றால் வளையம் எல்லாவற்றையும் கிண்டத்தான் வேண்டும் என்று.

இதில் ஒரு வேடிக்கை. அலுமினியம் குப்பையாகி ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1855இல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் புதுமையான விலையுயர்ந்த உலோகமாக வைத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் பாரிஸ் நகைக்காரர் அலுமினியத்தில் காப்பு செய்து தங்கம் பதித்து விற்றார்கள். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் கிட்டத்தட்ட மூன்று கிலோ அலுமினியக் கூம்பை வைத்தபோது அது வெள்ளியின் விலை. 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்ததும் ஒரே வருடம், 1914. அதோடு விலை விழுந்தது. நூறு வருடத்துக்குள் நகைப்பெட்டியிலிருந்து குப்பைத்தொட்டிக்கு வந்த உலோகம்.

சரி, எங்கள் நகைக்கு வருவோம். இங்கத்தைய வெள்ளையரின் மோதிரங்களில் கனக்க 9 கரட். அதாவது 37.5 வீதம் தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி, வேறு சாமான். கலப்பு ஏற ஏற மின் கடத்துவது கணக்குக்கு மேலாகக் கெட்டுப்போகும். அதனால் இந்த நாட்டு மெல்லிய மோதிரம் ஈயத்தாளுக்கும் வளையத்துக்கும் கிட்ட வந்து நிற்கிறது. எங்கள் நகை 22 கரட், 91.6 வீதம். தடித்த, வாய் பொருந்திய காப்பு என்றால் மின்சாரம் சுற்றியோட முழு வட்டம் கிடைக்கும், சத்தம் நன்றாக மேலே ஏறும். அண்ணைக்கு இது நல்ல செய்தி.

கெட்ட செய்தி தாலிக்கொடி. பதினைந்து பவுண் என்று பெரியம்மா சொல்லுவா. ஒரு பவுண் எட்டுக் கிராம் என்றால் 120 கிராம் தங்கம். ஆனால் கருவிக்கு அது 120 கிராம் இல்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை லேசாகத்தான் தொடுகிறது. மின்சாரம் தாவிப் போகாது, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியே சுழன்று அடங்கிவிடும். ஆகவே சபையில் எல்லோர் கண்ணையும் இழுக்கும் கொடி, மண்ணுக்குள் ஒரு சொக்கிளேற் தாள் அளவுக்கு முனகும். எனக்குக் கிடைத்த சங்கிலித் துண்டும் அப்படித்தான். கொளுவியின் சத்தம் மட்டும் கேட்டது, ஈயத்தாள் என்று நினைத்து அலுப்போடு கிண்டினேன்.

அப்படியானால் ஒரு வழியும் இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. நசுங்கிய ரின் துண்டு கோணல்மாணலானது, நீங்கள் நின்ற திசையை மாற்றி ஆட்டினால் சத்தமும் மாறும், இலக்கம் துள்ளும். முழு மோதிரம் எந்தப் பக்கத்தால் வந்தாலும் ஒரே மாதிரி, உருண்டையாகக் கேட்கும். முழு ரின் என்றால் சுருளை ஒரு அடி உயர்த்தினாலும் கத்திக்கொண்டே இருக்கும், மோதிரம் அடங்கிவிடும். இதெல்லாம் ஊகம்தான், சத்தியம் இல்லை. வளையமும் உருண்டைதானே.

உண்மையில் இரண்டையும் பிரிப்பது கடல். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, தங்கம் 19.3, எங்கள் 22 கரட்டும் பதினேழுக்கு மேல். புயல் அடித்து மணலை இழுத்துக்கொண்டு போனபின் போய்ப் பாருங்கள். பாரமானது இறுகிய அடித்தளத்தில் போய்த் தங்கும், லேசானதை அலை மேலே தள்ளிவிடும். ஈயக்குண்டும் பழைய நாணயமும் ஒரே வரியில் கிடைக்கத் தொடங்கினால் அந்த வரியை விட்டு நகரக்கூடாது. என் மூன்று மோதிரங்களில் இரண்டு ஒரே காலையில், ஒரே வரியில் வந்தவை. கையில் எடுத்துவிட்டால் பிறகு சந்தேகமே இல்லை. அலுமினியம் வெள்ளைச் சுண்ணாம்பு பூத்து வரும். தங்கம் நேற்றுத்தான் விரலால் கழன்றது போல வரும், உள்ளங்கையில் பாரம் உடனே தெரியும்.

பெரியம்மாவின் கோடிக்குள் கடல் வந்து பிரித்துத் தராது. அங்கே செம்பாட்டு மண், அந்தச் சிவப்பே இரும்பின் நிறம்தான், கருவி மண்ணுக்கே முனகக்கூடும். அதைவிடப் பெரிய சிக்கல், நகை கிடப்பது பால்மா ரின்னுக்குள். அது தகரம் பூசிய இரும்பு. அண்ணை கடையில் சொல்லிக்கொடுத்தபடி "இரும்பை ஒதுக்கு" என்று வைத்துக்கொண்டு நடந்தால் பதினைந்து பவுணுக்கு மேலால் சத்தமில்லாமல் நடந்து போய்விடுவார். ஒன்றையும் ஒதுக்காமல் தேடினால் கூரைத்தகரம், ஆணி, குண்டுச் சிதறல் எல்லாம் சேர்ந்து கத்தும். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பெண்பிள்ளைகள் வருடக்கணக்காகச் செய்த வேலை அதுதான். ஒவ்வொரு சத்தத்தையும் வெடி என்றே எடுத்துக்கொண்டு, முழங்காலில் நின்று, சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். வருவது பெரும்பாலும் ஆணியும் துண்டுத் தகரமும். ஒதுக்கும் திருகி அவர்களுக்குக் கிடையாது.

அதனால் அண்ணைக்கு இதையும் சொல்லவேண்டும்: காணி துப்புரவாக்கப்பட்டது என்று உரிய இடத்தில் கேட்டு உறுதிப்படுத்தாமல் மண்வெட்டி போடக்கூடாது. பிறகு, இலங்கையில் புதையல் தோண்டினார்கள் என்று கருவியோடு பிடிபடுகிறவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. சொந்தக் காணி, சொந்த அம்மாவின் நகை என்று பொலிசுக்கு விளங்கப்படுத்துவது லேசில்லை. அனுமதி விஷயத்தை முதலே கேட்டுக்கொண்டு போகவேண்டும்.

அண்ணையின் பக்கம் ஒரு பலமும் இருக்கிறது. 1992 நவம்பரில் சஃபோக்கில் ஹொக்ஸன் என்ற ஊரில் ஒரு கமக்காரர் வயலில் சுத்தியலைத் தவறவிட்டார். தேடித் தரும்படி எரிக் லோஸ் என்ற நண்பரைக் கேட்டார். சுத்தியலைத் தேடிப் போனவரின் கருவிக்குக் கீழே கிடந்தது ஏறக்குறைய 15,000 ரோம நாணயங்களும் தங்க நகைகளும். மனிதர் கண்டபடி கிண்டாமல் அறிவித்ததால் எல்லாம் ஒழுங்காக வெளியே வந்தது. இன்று அந்தச் சுத்தியலும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது! எல்லோரும் புதையலுக்காக இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் சொல்வது சுத்தியலுக்காக. என்ன தொலைந்தது, எந்தத் துண்டு நிலத்தில் தொலைந்தது என்று தெரிந்த ஆளுக்குத்தான் இந்தக் கருவி உண்மையில் உதவி. பெரியம்மாவுக்கு இரண்டும் தெரியும். கிணற்றுக் கட்டிலிருந்து எலுமிச்சையடிக்குப் பதினொரு எட்டு, முழங்கை ஆழம்.

எலுமிச்சை இப்போது இல்லை. கிணறு இருக்கிறது, கல்லால் நிரவியிருந்தாலும் கட்டு தெரிகிறதாம், அங்கே நிற்கும் மச்சான் படம் அனுப்பியிருந்தான். எலுமிச்சை நின்ற பக்கத்தையும் பெரியம்மா அந்தப் படத்திலேயே காட்டிவிட்டா. போன சனிக்கிழமை நாங்கள் பெரியம்மா வீட்டுக்கு அளவுநாடாவோடு போனோம். அவவுக்கு இப்போது 84 வயது, வோக்கரைப் பிடித்துத்தான் நடப்பா, அந்த எட்டு உதவாது. ஆகவே ஏறக்குறைய அதே உயரமுள்ள அக்காவின் கையில் ஒரு பால்மா ரின்னைக் கொடுத்து ஹோலுக்குள் வேகமாக நடக்கவைத்தோம். பதினொரு எட்டு, ஏழு மீற்றர் முப்பது.

"அப்பிடியில்லையடி, அது இருட்டு" என்றா பெரியம்மா. "எட்டைக் கிட்டக் கிட்ட வை."

லைற்றை நிற்பாட்டிவிட்டுத் திரும்ப நடந்தா அக்கா. ஆறு மீற்றர் நாற்பது.